கல்லில் சாத்திய லத்தி

வண்டியை நிறுத்தியதும் அவர் முதலில் செய்கிற காரியம், கையிலிருக்கிற லத்தியை விடுவதுதான். சாலையோரத்து மைல் கல்லில் அதைப் பதமாகச் சாத்தி வைப்பார். நழுவாமல் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். பிறகு வெறுங்கையோடு வண்டியை நோக்கி நடந்து வருவார். வெறுங்கையோடு ஒரு போலீஸ்காரர் வருவதைப் பார்த்தால் மனுஷனுக்கு நிம்மதி வரவேண்டும். எங்களுக்குப் பயம்தான் வந்தது. லத்தியோடு வருகிறவன் என்ன செய்வான் என்று எங்களுக்குத் தெரியும். இவர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. இடுப்புப் பட்டையில் ஒரு நம்பர் இருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவரை நம்பரால் சொல்ல மனம் ஒப்பவில்லை. மூன்று வருஷம், தினம் நாலு தடவை அவரைக் கடந்து போயிருக்கிறேன். பெயர் என்ன என்று கேட்க ஒரு நாள்கூட வாய் வரவில்லை. சொந்த ஊர் எது என்று எங்கள் கண்டக்டர் மாது ஒரு முறை கேட்டான். "தெக்கேங்க" என்றார். அவ்வளவுதான்.

அப்போது நான் தருமபுரிக்கும் காரிமங்கலத்துக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கண்ணில் படாது. வண்டியின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வருகிற கேஸில் ஓட்டினோம். ஓட்டினோம் என்பது கொஞ்சம் பெருமைக்குச் சொல்வது. சமதரையில் ஓடும், இறக்கத்தில் பறக்கும், ஏற்றத்தில் அழும். ஏற்றத்தில் ஒரு தடவை நின்றுவிட்டால் தொலைந்தது. மாது கீழே குதித்து அடுப்புக்குக் காற்றாடியைக் கை கழலச் சுற்றுவான். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளிக்கொண்டே என் பரம்பரையைத் திட்டுவார்கள்.

பாதி வழியில் புளிய மரங்களுக்கு நடுவே ஒரு மேடு. மேட்டின் அடியில்தான் அந்த மைல் கல்லும், அதை ஒட்டி போலீஸ் தகரக் கொட்டகையும். மேடு ஏறி அந்தாண்டை இறங்கினால் ஒரு ஓடை, அதன்மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலம். தானிய மூட்டை கடத்துகிறார்களா, பஸ்ஸில் ஆள் அதிகமா, சைக்கிளில் விளக்கு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு போலீஸ்காரரைப் போட்டிருந்தார்கள். எங்களுக்கு வேண்டாத இடத்தில், சரியாக மேட்டுக்கு முன்னால்.

அதற்கு எங்கள் ஜனம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. இவருக்கு முன்னால் இருந்தவர் நிழலை விட்டு எழுந்திருக்க மாட்டார். கை மட்டும் தூக்குவார். தூக்கினால் நிற்க வேண்டியதில்லை. போகிற போக்கில் எதையாவது மைல் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போகலாம். மாட்டு வண்டிக்காரர்கள் புளி உருண்டை வைப்பார்கள். தலைச்சுமைக்காரர்கள் ஒரு படி அவரைக்கொட்டை வைப்பார்கள். எங்கள் பஸ்ஸிலிருந்து மாது ஒரு கடலைக்காய்ப் பொட்டலத்தை ஓட்டத்திலேயே எறிவான். கல்லின்மேல் போய் உட்காரும். அவன் குறி தப்பி நான் பார்த்ததில்லை. இதற்கு எங்கள் பக்கத்தில் 'கல்லுக்கு வைக்கிறது' என்று பெயர். சாமிக்கு வைக்கிற மாதிரிதான், கும்பிடு மட்டும் கிடையாது.

இவர் வந்த முதல் வாரமே கல்லின்மேல் ஒருவன் பூசணிக்காய் வைத்துவிட்டு மாட்டை விரட்டினான். இவர் அந்தப் பூசணிக்காயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சிவப்புத் தலைப்பாகை சாய, வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார். "ஏனுங்க, காய விட்டுட்டுப் போறீங்க!" வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். பூசணிக்காயோடு போலீஸ் துரத்தி வருவதைக் கண்டு மாட்டின் வாலை முறுக்கினான். ஊருக்குள் போய், "பூசினிக்கா பத்தலியாம்" என்று சொல்லிவிட்டான். அடுத்த சந்தைக்குக் கல்லில் ஒரு கோழி கால் கட்டிக் கிடந்தது.

அவர் எதையும் தொடவில்லை. உடையவர்கள் திரும்பி வந்து கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டகைக்குள் எடுத்து வைத்தார். யாரும் வந்து கேட்கவில்லை. பூசணி அழுகுகிற வாடை ரோடு வரை வந்தது. கோழி மட்டும் அங்கேயே தங்கி முட்டையிட்டு, அவர் காலடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவரோடு தானாக வந்து சேர்ந்த ஒரே உயிர் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. நிறுத்தினவரிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவார். "நிறுத்துனதுக்குக் காரணத்தச் சொல்லிடறேனுங்க." ஆளைப் பார்த்துத்தான் சொல்வார். மிராசுதாரரின் கூண்டு வண்டி என்றாலும் அதேதான், செருப்புத் தைக்கிறவரின் கட்டை வண்டி என்றாலும் அதேதான். முடிந்ததும் "போயிட்டு வாங்க" என்பார். 'போ' என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

வத்தல்மலையிலிருந்து ஒருவர் பொதிமாட்டில் சாமை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வந்தார். எங்கள் வண்டி மேட்டடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். இவர் கை தூக்கினார். மலைக்காரர் அப்படியே மரமாகிவிட்டார். லத்தி கல்லுக்குப் போயிற்று.

"காரணத்தச் சொல்லிடறேனுங்க. மாட்டு முதுகுல புண்ணு. பொதி அழுத்துது பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் கொட்டாங்குச்சியில் வேப்பெண்ணெய் எடுத்து வந்தார். பொதியை இறக்கி, புண்ணில் தானே தடவி, கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, மறுபடி ஏற்றிக் கட்டினார். அதுவரை மலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

"போயிட்டு வாங்க."

"எத்தினி நாளுங்க சாமி?" என்று கேட்டார் மலைக்காரர்.

"எது?"

"ஜெயிலுங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், கல்லிலிருந்த லத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

அரை மைலில் ஒரு காபிக் கடை இருந்தது. அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஊரெல்லாம் வெள்ளைக்காரனைத் துரத்துகிற பேச்சு. தலைப்பாகையைக் கண்டதும் எல்லோரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய ஆட்களுக்கும் அவரைப் பிடிக்காது. மாசத்துக்கு ஒரு தடவை வருகிற ஏட்டையா, "கேஸு புடிக்கத் துப்பில்ல, மாட்டு வைத்தியம் பாக்கறான்" என்று அந்தக் காபிக் கடையிலேயே எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"பேச்சுத் தொணைக்கு ஆளில்லாமத்தாண்ணா வண்டிய நிறுத்தறாரு" என்று மாது கேலி பண்ணுவான். ஒரு நாள் வாய்க்கொழுப்பில் நான் இதை அவரிடமே கேட்டுவிட்டேன். ரோட்டைப் பார்த்தபடி, "அதுவும் உண்டுங்க" என்றார். "நின்னவங்க ரெண்டு வார்த்த பேசிட்டுப் போனா நல்லாத்தான் இருக்குது." நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அவர் வந்த புதிதில், கை தூக்கினாரே என்று ஒரு தடவை அடியில் நிறுத்தித் தொலைத்தேன். வண்டி அணைந்துவிட்டது. ஜனங்களோடு சேர்ந்து அவரும் மேட்டில் தள்ளினார். உச்சிக்கு வந்ததும் மூச்சு இரைக்க என் பக்கம் வந்தார்.

"டிரைவருங்களே, ஒரு ரோசன. கீழ நின்னா ஏற மாட்டேங்குது. இங்க நின்னா?"

"இங்க நின்னா ரெண்டு வெரலால தள்ளுனாலே போயிருமுங்க."

"அப்ப உங்க வண்டி வார நேரத்துக்கு நான் இங்க வந்து நிக்கறேன். நீங்க ஒண்ணு பண்ணோணும். நான் கை தூக்குனா நிறுத்தோணும். சும்மா தூக்க மாட்டேனுங்க."

"சரிங்க" என்றேன். போலீஸ்காரரிடம் மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? எங்கள் 'சரி'க்கு அதனாலேயே மதிப்பும் கிடையாது.

ஆனால் அவர் அதை மதித்தார். அடியிலிருந்து உச்சிக்கு இரண்டு பர்லாங் இருக்கும். உச்சியில் மருந்துக்கும் நிழல் கிடையாது. என் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே லத்தியைக் கல்லில் சாத்திவிட்டு ஏறி வருவார். நாங்கள் போகும்போது உச்சியில், ரோட்டின் ஓரத்தில் நிற்பார். ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை. ஏன் என்று மாது கேட்டதற்கு, "நடுவுல நின்னா வண்டி பயந்து நிக்கும். ஓரத்துல நின்னா ஆளு மதிச்சு நிப்பாங்க" என்றார். வருஷக் கணக்கில் அங்கே நின்றார். ஒரு தடவையும் கை தூக்கவில்லை. தலையை மட்டும் அசைப்பார். நானும் அசைப்பேன். மாது பழக்க தோஷத்தில் கீழே கல்லுக்குப் பொட்டலம் எறிந்துகொண்டே இருந்தான்.

அன்று சந்தை நாள். முந்தின ராத்திரி மேற்கே மலைப்பக்கம் நல்ல மழை. காலையில் தூறி ஓய்ந்திருந்தது. வண்டிக்குள் மூச்சு விட இடமில்லை. கூரைமேல் கூடைகளுக்கு நடுவே எட்டுப் பேர். எனக்கு நேர் பின்னால் நல்லம்பள்ளி வெற்றிலைக்காரம்மா கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதி மேட்டிலேயே அவரைப் பார்த்துவிட்டேன். இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

"அண்ணா, இன்னிக்குக் கூட்டத்தப் பாத்துட்டாரு. கேஸுதான்" என்றான் மாது.

எனக்கு லைசென்ஸ் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் தலையசைத்தது இதற்குத்தான், பொறுத்திருந்து பிடிக்கிறார், என்ன இருந்தாலும் போலீஸ் புத்தி என்று நினைத்தேன். அதை நினைத்தவன் நான்தான், வேறு யார் தலையிலும் போட மாட்டேன். மாது பொட்டலத்தை எறிந்தான். அது அவர் மார்பில் பட்டுக் காலடியில் விழுந்தது. அவர் கையை இறக்கவில்லை. வாய் எதையோ கத்தியது. அப்போதும் ஓரத்தில்தான் நின்றார். நடுவில் வந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். நான் உச்சியைத் தாண்டி இறக்கத்தில் விட்டேன்.

தரைப்பாலத்தின் மேல் கலங்கல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் அளவு என்றுதான் பட்டது, எத்தனையோ தடவை தாண்டின தண்ணீர். உள்ளே போனதும் இடது முன் சக்கரம் இறங்கியது. அடியில் பாலம் இல்லை. வண்டி சாய்ந்தது. கூரைமேல் இருந்தவர்கள் கூடை கூடையாக ஓடையில் விழுந்தார்கள். வெற்றிலைக்காரம்மாவின் கால் பலகைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் மேட்டிலிருந்து ஓடி வந்தார். வந்து சேர்ந்தபோது தலைப்பாகை இல்லை. கரையில் உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த இரண்டு பட்டித் துணியையும் அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து, புங்க மர வேரில் கட்டித் தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொருவராக அதைப் பிடித்துக் கரையேறினார்கள். வெற்றிலைக்காரம்மாவைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். ஒரு உயிரும் போகவில்லை. எல்லாம் முடிந்தபின் வெறுங்காலோடு கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்து சர்க்கார் பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நம் போலீஸ்காரர் ஒரு தூணோரமாக நின்றார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"அவன் கை காட்டினானா?"

"மழைங்க. கண்ணாடில ஒண்ணியும் தெரியலீங்க."

"கொட்டகையை விட்டுட்டு அவன் எதுக்கு உச்சியில போய் நின்னான்?"

"எனக்குத் தெரியாதுங்க."

முதல் பொய்யை லைசென்ஸுக்காகச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பொய்யை எதற்காகச் சொன்னேன் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. பயந்தவன் வாயில் ஒன்றோடு நிற்பதில்லை போலிருக்கிறது.

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அவருக்குத் தெரியலைன்னா தெரியலைங்க. நான் இன்னும் நல்லா கை தூக்கியிருக்கோணும். உச்சிதான் வண்டி நிக்கறதுக்குத் தோதுன்னு தானா எனக்குத் தோணுச்சுங்க."

சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்று அவர் பேரில் எழுதினார்கள். என் லைசென்ஸ் என்னிடமே இருந்தது. மேல் உத்தரவு வரும்வரை கொட்டகையை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

உத்தரவு வர இரண்டு மாசம் ஆயிற்று, அதற்குள் ஒரு அதிசயம் நடந்தது. அவரால் கரையேறினவர்கள் சந்தைக்குப் போகும்போதெல்லாம் கல்லுக்கு வைத்தார்கள். தேங்காய் வைத்தார்கள், வாழைச்சீப்பு வைத்தார்கள், ஒருவன் புது வேட்டி ஒன்றை மடித்து வைத்தான். இவ்வளவு நன்றியை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை. வைத்துவிட்டு எல்லோரும் வேகமாக நடையைக் கட்டினார்கள். நின்று ஒரு வார்த்தை பேசினவர் கிடையாது. அவர் கொட்டகை வாசலில் நின்று, போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் வண்டியோடு அவரைக் கடந்து போனேன். என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வெற்றிலைக்காரம்மா கட்டுப் பிரித்து, கோல் ஊன்றிக்கொண்டு மறுபடி வண்டிக்கு வந்தாள். பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். மேடு ஏறும்போது என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ரெண்டு கையும் தூக்குனாரே ராசா. நானே பாத்தேன். நீ பாக்கலியா?"

"பாத்தேன்" என்றேன்.

காரிமங்கலம் வரை கூடையை இறுகப் பிடித்தபடி வந்தாள். அடுத்த நாளிலிருந்து அவள் வேறு வண்டியில் போக ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு காலை. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது, கல்லில் லத்தி இல்லை. மேட்டில் ஏறினேன். உச்சியில் வேட்டி சட்டையோடு யாரோ ஒருவர், காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கை தூக்கியிருந்தது. தலை முழுக்க நரைத்திருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலைப்பாகைக்குக் கீழே இவ்வளவு நரை இருந்தது யாருக்குத் தெரியும்? நிறுத்தினேன். மூன்று வருஷத்தில் அவர் கைக்கு உச்சியில் நான் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

நேரே என் பக்கம் வந்தார்.

"நிறுத்துனதுக்குக் காரணத்தச் சொல்லிடறேனுங்க. மாத்திட்டாங்க. ஓசூர்ப் பக்கம். காரிமங்கலம் வரைக்கும் வரோணும்."

"ஏறுங்க" என்றேன்.

மாது பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கத் திணறினான். வண்டிக்குள் பேச்சு நின்றது. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவர் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார். வண்டியைத் தள்ளவே வேண்டியிருக்கவில்லை, பிரேக்கை விட்டதும் தானாக உருண்டது. புதிதாகச் செப்பனிட்ட பாலத்தைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் அவர் இருப்பது எனக்குச் சுட்டது. சொல்லவேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே ஓட்டினேன்.

காரிமங்கலத்தில் இறங்கிப் பெட்டியை இறக்கிக்கொண்டார். மறுபடி என் ஜன்னலுக்கு வந்தார். நான் வாயைத் திறந்தேன். "அன்னிக்கு..." என்றேன். பிறகு ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார்.

ஊரை விட்டுப் போகிறவர் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர், "போயிட்டு வாங்க" என்று எப்போதும்போல எனக்குச் சொல்லிவிட்டு கிருஷ்ணகிரி வண்டி நிற்கிற பக்கம் நடந்தார்.

திரும்பும்போது மாது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னாண்ணா பொட்டி அது, கல்லாட்டம் கனம். கொட்டக வாசல்லயே வெச்சுக்கிட்டுக் கை தூக்கியிருந்தா நாம ஏத்திக்கிட்டிருக்க மாட்டமா? தனி ஆளா அவ்வளவு தூரம் எதுக்கு மேட்டுல தூக்கிட்டு வந்தாரு?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். அடியில் நின்றால் என் வண்டி ஏறாது. உச்சியில் நின்றால் இரண்டு விரலால் தள்ளினாலே போகும் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அதை மாதுவிடமும் நான் சொல்லவில்லை.